மாப்பிள்ளைக்கு வழிவிட்ட பின்களம்

பயிற்சியாளர் உரிமம் பெற்று முதன்முறையாக ஓர் அணியின் பொறுப்பை ஏற்கவிருக்கும் உங்களுக்கு, பந்தை எப்படி நிறுத்துவது, எப்படி அனுப்புவது என்பதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. உங்களுக்குக் கற்பித்தவர்கள் அவற்றை நன்றாகவே கற்பித்திருப்பார்கள். இல்லையென்றால் கைப்பேசியில் காணொளிகள் இருக்கின்றன. எந்தக் காணொளியிலும் அகப்படாத சில தருணங்கள் உண்டு. களத்தின் ஓரத்தில் கைகட்டி நிற்கும் பயிற்சியாளரிடம், விளையாட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு கேள்வி வந்து நிற்கும். அதற்கு அவர் என்ன விடை சொல்கிறார் என்பதைப் பொறுத்தே ஆட்டம் திரும்பும். அப்படி ஒரு கேள்வியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் கோவையில் ஒரு கல்லூரியில் பொருளியல் படித்தவன். பல்கலைக்கழக அணிக்கு விளையாடி, பின்னர் மாலத்தீவிலும் பூட்டானிலும் ஓமானிலும் பயிற்சியாளராகப் பணியாற்றி, இப்போது துடியலூரில் ஓய்வாக இருக்கிறேன். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. கீழே வரும் நிகழ்ச்சியைப் படித்துவிட்டு, இந்த மனிதருக்கு அனுபவம் போதவில்லை என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பூட்டானில் என் அணியின் திடல் ஒரு மலைச்சரிவின் விளிம்பில் இருந்தது. பந்து அந்தப் பக்கம் போனால் பள்ளத்தாக்குக்குப் போய்விடும். கீழே சாலையில் கடை வைத்திருந்தவர் அதை எடுத்து, மேலே வரும் ஏதாவது ஒரு வண்டியில் கொடுத்தனுப்புவார். முன்னிலையில் இருக்கும் அணி பந்தைக் கீழே உதைத்து நேரத்தைக் கடத்துவது அங்கே பழக்கம். ஓர் ஆட்டத்தில் நாங்கள் முன்னிலையில் இருந்தோம். உதைக்கட்டுமா என்று என் வீரர் ஒருவர் கண்ணால் கேட்டார். கூடாது என்று தலையசைத்தேன். அடுத்த கணமே, தோற்றுக்கொண்டிருந்த எதிரணியினர் தாங்களே பந்தைப் பள்ளத்தாக்கில் உதைத்துவிட்டு எங்களோடு கைகுலுக்கத் தொடங்கினார்கள். அவர்களுடைய ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்து புறப்படும் நேரமாம். எதிரணிக்கு வெற்றியைவிட முக்கியமானது வேறொன்று இருக்கக்கூடும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

ஓமானில் நான் துணைப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளராக இருந்தவரின் பெயரை இங்கே எழுத அவர் விரும்பமாட்டார். அதிகம் பேசாத மனிதர். முக்கியமான ஆட்டத்துக்கு முந்தைய நாள் பயிற்சியை என்னிடம் விட்டுவிட்டு, வீரர்களோடு சாப்பிட மட்டும் வருவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். யார் யாருடைய தட்டில் முதலில் உணவை வைக்கிறார்கள் என்று பார்க்க வருவதாகச் சொன்னார். நாளை அவர்கள் களத்தில் யாருக்கு விட்டுக்கொடுப்பார்கள் என்பது அந்தத் தட்டில் தெரிந்துவிடும் என்பது அவருடைய கணிப்பு. அப்போது நான் அதை முதுமையின் விசித்திரம் என்றே எடுத்துக்கொண்டேன்.

இனி சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

நான் ஊர் திரும்பியிருந்த சமயத்தில், சூலூர்ப் பக்கம் பம்புசெட் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் முதலாளி என் வீட்டுக்கு வந்தார். அவருடைய தொழிற்சாலைக்கு ஒரு கால்பந்து அணியும், சொந்தமாக ஒரு திடலும் இருந்தன. மாவட்டப் போட்டியின் முதல் பிரிவில் அந்த அணி அடிமட்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது.

“மிச்சம் இருக்கற ஆட்டத்தை மட்டும் பார்த்துக் குடுங்க சார். டீமு முதல் டிவிஷன்ல நின்னுபோட்டா கிரவுண்டு கிரவுண்டாவே இருக்குமுங்க. கீழ எறங்கிப்போச்சுன்னா டீமைக் கலைச்சுப்போட்டு அந்த எடத்துல கல்யாண மண்டபம் கட்டலாம்னு ஊட்ல ஒரே பேச்சுங்க.”

“மண்டபமா?”

“ஏசி மண்டபமுங்க. பெனால்டி ஏரியா பார்க்கிங்குக்குச் சரியா இருக்கும்னு எஞ்சினியரு அளந்தே பார்த்துப்போட்டாருங்க.”

அணியில் விளையாடுவதற்காகவே தொழிற்சாலையில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் அந்த வீரர்கள். அணி கலைந்தால் அவர்களுடைய வேலைக்கும் உத்தரவாதம் இல்லை. எனவே நான் பொறுப்பேற்றேன். மூன்று நாடுகளில் கிடைத்த மரியாதையைச் சொந்த மாவட்டத்தில் இழக்க விருப்பமில்லாத காரணமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அணியின் பலம் அதன் பின்களம். பின்களத்தில் நின்ற நால்வரும் கிணத்துக்கடவுப் பக்கத்தில் ஒரே குலக் கூட்டத்தைச் சேர்ந்த பங்காளிகள். அண்ணன் தம்பி முறை. ஒருவர் வேலைக்கு வந்து மற்றவர்களை அழைத்து வந்திருந்தார். பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் என்பதால், வெளிநாடுகளில் நான் மாதக்கணக்கில் பழக்கியும் வராத ஒருங்கிணைப்பு இவர்களிடம் இயல்பாக இருந்தது. நால்வருக்கும் தலைவர் சிவக்குமார். தென்னை மரத்தை நட்டுவைத்ததுபோல் நிற்பார். மாவட்டத்தின் முன்கள வீரர்கள் அவர் நிற்கும் பக்கத்தைத் தவிர்த்தே ஓடுவார்கள். இவர்களை வைத்து, தோற்காமல் இருப்பதை மட்டும் இலக்காகக் கொண்டு அணியை மெல்ல மேலே ஏற்றினேன். கடைசி ஆட்டத்தைச் சமன் செய்தால் போதும், தப்பித்துவிடுவோம் என்ற நிலை வந்தது. எதிரணி, பல்லடம் சாலையில் இருந்த ஒரு நூற்பாலையின் அணி. அதன் முன்கள வீரர் பிரபு அந்தப் பருவத்தில் கோல் போடாமல் வீடு திரும்பிய நாள் இல்லை என்றே சொல்லலாம். அவரைச் சிவக்குமார் பார்த்துக்கொள்வார் என்று நிம்மதியாக இருந்தேன்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வாரம், தன் தங்கை கிருத்திகாவுக்கு உப்புச்சர்க்கரை மாற்றுவதாகச் சொல்லி சிவக்குமார் என்னை அழைத்தார். எங்கள் பக்கத்தில் திருமணத்தை உறுதி செய்யும் சடங்குக்கு அதுதான் பெயர். சென்றேன். பெரிய மனிதர் என்று முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை வாசற்படியில் இடது காலை எடுத்து வைக்கப்போனார்.

“மாப்பிள்ளை, வலது காலுங்க, வலது காலு” என்று பெண் வீட்டுப் பெண்கள் பதறினார்கள்.

அவர் நின்று, காலை மாற்றப் பார்த்துத் தடுமாறி, கடைசியில் இரண்டு கால்களாலும் குதித்து உள்ளே வந்தார். நான் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த இடது காலைப் பார்த்தேன். அதைப் பற்றி என் வீரர்களுக்கு ஒரு மாதமாக வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவன் நான். பல்லடம் சாலை நூற்பாலையின் முன்கள வீரர் பிரபு, என் பின்களத்தின் மாப்பிள்ளையாக உள்ளே வந்துகொண்டிருந்தார்.

பந்தியில் ஓமான் தலைமைப் பயிற்சியாளரின் விசித்திரம் நினைவுக்கு வந்தது. கவனித்தேன். என் பின்கள வீரர்கள் நால்வரும் பிரபுவின் இலையைச் சுற்றி நின்று பரிமாறினார்கள். அவர் போதும் என்று கையை நீட்டி மறைத்தபோது, கைக்கு மேலேயே நெய்யை ஊற்றினார்கள். மறுபக்கம், பிரபுவின் பங்காளிகள் சிலர், பரிமாறிக்கொண்டிருந்த சிவக்குமாரைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். “எங்க மச்சான் நின்னுட்டிருக்கறப்ப நாங்க எப்படீங்க திங்கறது?” என்று சொல்லித் தங்கள் இலையிலிருந்த மைசூர்பாகை அவர் இலைக்கு மாற்றினார்கள். அவர்களையும் அடையாளம் கண்டேன். நூற்பாலை அணியின் பின்களம்.

மறுநாள் பயிற்சியில் சிவக்குமாரைத் தனியே அழைத்தேன்.

“பிரபுவை நீங்கதான் மறிக்கணும். தெரியுமல்ல?”

“அவரை எப்படீங்க சார் கால்ல தட்டிப் போடறது? மாப்பிள்ளைங்க.”

“அவரைப் போட வேண்டாம். பந்தை மட்டும் எடுங்க.”

“பந்து அவரு கால்லதானுங்க இருக்கும்.”

இதற்கு எந்த நாட்டுப் பயிற்சிக் கையேட்டிலும் விடை இல்லை. மற்ற மூவரையும் கேட்டேன். பங்காளியின் தங்கை தங்களுக்கும் தங்கைதான், ஆகவே தங்களுக்கும் அவர் மாப்பிள்ளைதான் என்றார்கள். நால்வரில் இளையவர் மட்டும், “சார், தூரமா நின்னு சத்தம் வேணாப் போடறமுங்க” என்று சமாதானம் சொன்னார்.

அன்று மாலை பெண்ணின் பெரியப்பாவும் மாமாவும் வீட்டுக்கு வந்தார்கள். காப்பியைக் குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு பெரியப்பா தொடங்கினார்.

“சிவாவை இந்த ஆட்டத்துக்கு மட்டும் உட்கார வெச்சுருங்க சார். பையனுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, மணவறையில மாப்பிள்ளை நொண்டிக்கிட்டு நிப்பாருங்க.”

யோசிப்பதாகச் சொல்லி அனுப்பினேன். அடுத்த நாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து அவருடைய சித்தப்பா வந்தார். இவரும் மழையில் தொடங்கினார்.

“மச்சானை உட்கார வெக்கப்போறீங்கன்னு காதுல விழுந்துதுங்க. அப்படிப் பண்ணிப்போடாதீங்க. எங்க பையனுக்குப் பயந்துட்டு ஒளிச்சு வெச்சுட்டாங்கன்னு ஊரு பேசும். சம்பந்தி ஊட்டு கௌரவமுங்க. கட்டாயம் எறக்கோணும்.”

“இறக்கினால் அவர் உங்கள் பையனை மறிப்பாரே?”

“மறிக்கட்டுங்க. மேல படாம மறிக்கச் சொல்லுங்க.”

இவர்களைச் சமாளித்துவிடலாம் என்று நினைத்திருந்த வேளையில்தான் கிருத்திகா வந்தார். கோவையில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, வாசலிலேயே நின்று பேசினார்.

“சார், அவரு கோல் போட்டு நம்ம டீம் எறங்கிப்போச்சுன்னா, எங்க அண்ணனுங்க வேலை போயிரும். உன்ற மாப்பிள்ளை வந்த நேரம் எங்க பொழப்பைக் கெடுத்துப்போட்டான்னு காலத்துக்கும் சொல்லுவாங்க.”

“புரியுதம்மா.”

“அவரு கோல் போடலைன்னு வைங்க. அவங்க ஊட்டு வாட்ஸ்அப் குரூப்புல அவரு கோல் போடாத வாரமே இல்லீங்க. உப்புச்சக்கரை மாத்தினதும் நின்னுபோச்சுன்னா, பொண்ணு ராசி சரியில்லைன்னு அவரோட அம்மா முடிவே கட்டிருவாங்க. அவங்களுக்கு அதுல ரொம்ப நம்பிக்கைங்க.”

ஆட்டத்தின் முடிவை ஏற்பாடு செய்வது என் வழக்கமல்ல என்று நான் சற்றுக் கடுமையாகவே சொன்னேன்.

“ஏற்பாடு பண்ணச் சொல்லலீங்க சார். ரெண்டு ஊட்லயும் நான் வாங்கப்போறது என்னன்னு உங்க காதுல ஒருக்கா போட்டு வெச்சேன். யாராச்சும் ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னு.”

ஸ்கூட்டர் போன பிறகு வெகுநேரம் வாசலில் நின்றேன். என் அணி தோற்கக் கூடாது. ஆனால் எதிரணியின் முன்கள வீரர் ஒரு கோலாவது போட்டால்தான் இந்தப் பெண் தப்பிப்பார். எந்த நேர்மையான பயிற்சியாளரும் இப்படி ஓர் ஆட்டத்தைத் திட்டமிட முடியாது. ஆகவே நான் திட்டமிடவில்லை. சிவக்குமாரை இறக்குவது என்று மட்டும் முடிவு செய்தேன். களத்தில் இறங்கிவிட்டால் முறையெல்லாம் மறந்து, கால் தானாக நீளும் என்பது என் கணக்கு.

ஆட்ட நாளில் திடலின் ஒரு பக்கம் பெண் வீட்டார், மறுபக்கம் மாப்பிள்ளை வீட்டார். இரு பக்கமும் நாற்காலி போட்டிருந்தது. நாற்காலி வரிசைகளில் முறுக்குத் தட்டுகள் பரிமாறப்பட்டன. மாப்பிள்ளையின் அம்மா குடையோடு முன்வரிசையில் இருந்தார். முதலாளி தம் எஞ்சினியரை உடன் அழைத்து வந்திருந்தார். எஞ்சினியர் கையில் அளவு நாடாவோடு கோல் கம்பத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் நீளவில்லை. பந்து பிரபுவிடம் வந்தபோதெல்லாம் என் பின்களம், மண்டப வாசலில் மாப்பிள்ளையை வரவேற்பதுபோல் இரு பக்கமும் ஒதுங்கியது. சிவக்குமார் அவருக்குப் பக்கத்திலேயே ஓடினார், ஆனால் துணைக்கு ஓடுவதுபோல் ஓடினார். ஒருமுறை பிரபுவின் காலணிக் கயிறு அவிழ்ந்தபோது, அவர் கட்டி முடிக்கும்வரை எங்கள் வீரர்கள் நால்வரும் காவலுக்கு நின்றார்கள். நடுவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

இடைவேளைக்குச் சற்று முன் பிரபு கோல் போட்டார். போட்டார் என்பதைவிட, பந்தோடு உள்ளே நடந்து போனார் என்பதே சரி. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து கைதட்டினார்கள். பெண் வீட்டார் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல், பாதி கைதட்டினார்கள். கிருத்திகா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். எஞ்சினியர் முதலாளியிடம் குனிந்து ஏதோ சொன்னார்.

வீரர்கள் வெளியே வரும்போது, பிரபு சிவக்குமாரை நிறுத்தினார். நான் அருகில் இருந்தேன். குரல் உயரவில்லை, முகம் மட்டும் சிவந்திருந்தது.

“மச்சான், நீங்க ஒதுங்கி நின்னு நான் போட்டதெல்லாம் ஒரு கோலுங்களா? நாளைக்கு இதை எந்த மூஞ்சிய வெச்சுட்டு வெளிய சொல்றது? பிச்சை போட்ட மாதிரி இருக்குதுங்க.”

“தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை. முறைன்னு ஒண்ணு இருக்குதுங்களே.”

“முறை கல்யாணத்தன்னிக்குப் பார்த்துக்கலாமுங்க.”

சிவக்குமாரின் கண்கள் மறுபக்க நாற்காலிகளில் குடையோடு இருந்த அம்மையாரிடம் போய்த் திரும்பின.

புதியவர்களே, இந்த இடத்தில்தான் உங்கள் கவனத்தைக் கோருகிறேன். இடைவேளையில் கத்துவது எளிது. நானும் கத்தத் தெரிந்தவன்தான். மூன்று மொழிகளில் கத்தியிருக்கிறேன். ஆனால் ஒரு மரியாதை என் அணியின் கால்களைக் கட்டிப்போட்டிருக்கும்போது, அதைத் திட்டி அவிழ்க்க முடியாது. அதே கயிற்றின் மறுமுனை எங்கே கட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இலையிலிருந்து இலைக்கு மாறிய மைசூர்பாகு என் கண்முன் வந்தது. மாப்பிள்ளையை என் பின்களத்தால் தொட முடியாது. சரி. மச்சானை அவர்களுடைய பின்களத்தால் தொட முடியுமா?

“சிவக்குமார், இனி நீங்க பின்னால நிற்க வேண்டாம். நடுவில் முன்களத்துக்குப் போங்க.”

“சார், நான் அங்கெல்லாம் வெளையாடினதே இல்லீங்க.”

“தெரியும். மச்சானாகப் போய் நில்லுங்க. போதும்.”

பின்களத்துக்கு யாரைக் கொண்டுவருவது என்ற கேள்வி மிஞ்சியது. அணியில் அந்தக் குடும்பத்தோடு எந்த உறவும் இல்லாதவர் ஜெரால்டு. நகரத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவர். களத்தின் ஓரமாக வேகமாக ஓடும் மெலிந்த வீரர். பிரபுவை மறிக்கும்படி அவரிடம் சொன்னேன். அவர் தயங்கினார்.

“சார், எனக்கும் பத்திரிகை வெக்கறேன்னு சொல்லியிருக்காங்க.”

“பத்திரிகை வெச்சா சாப்பிடப் போகணும். பந்தைக் கொடுக்கணும்னு அதில் அச்சடிப்பாங்களா?”

“அச்சடிக்க மாட்டாங்க சார்” என்று யோசித்துச் சொல்லிவிட்டு, காலுறையை மேலே இழுத்துக்கொண்டார்.

இரண்டாம் பாதி தொடங்கியதும், சிவக்குமார் எதிரணியின் கோலை நோக்கிக் கனமாக ஓடினார். நூற்பாலைப் பின்களத்தார் அவரைக் கண்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் எல்லைக்கோட்டில் நின்று, “ஆளைப் புடி, ஆளைப் புடி” என்று தொண்டை கிழியக் கத்தினார். அவர் வெளியூர்க்காரர், பாவம். “மச்சானுங்க சார்” என்று ஒரு வீரர் திரும்பி விளக்கம் சொன்னார். விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் பந்து சிவக்குமாரிடம் வந்துவிட்டது. அவர் அதை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று தெரியாமல் முழங்காலில் வாங்கி, இடுப்பில் வாங்கி, முன்னே தள்ளிக்கொண்டு போனார். யாரும் இடிக்கவில்லை. ஒருவர் கையை நீட்டி வழிகாட்டியதாகவே எனக்குத் தோன்றியது. கோல்காப்பாளர் பிரபுவின் சொந்த அண்ணன். அவர் முன்னே வந்து, சம்பந்தி வீட்டாரின் மேல் விழுவதா என்று ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. பந்து கோல்காப்பாளரின் இடுப்பில் பட்டு, மெதுவாக உருண்டு, கோட்டைக் கடந்து நின்றது.

ஒன்றுக்கு ஒன்று. இந்த முறை பெண் வீட்டார் முழுதாகக் கைதட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் பாதி.

அதன் பிறகு ஜெரால்டு பிரபுவை எறும்புபோல் சுற்றிக்கொண்டார். இடித்தார், இழுத்தார், ஒருமுறை சட்டையைப் பிடித்தார். பிரபுவின் முகத்தில் முதன்முறையாக மலர்ச்சி தெரிந்தது. கடைசி நிமிடங்கள் அப்படியே கழியும் என்று நான் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியபோது, ஜெரால்டுக்குக் கெண்டைக்காலில் தசை இறுகி அவர் கீழே விழுந்தார். பந்து பிரபுவிடம் வந்தது. முன்னே என் பின்கள வீரர்கள் மூவர் இருந்தார்கள். மூவரும் ஒதுங்கினார்கள்.

திடலின் மறுகோடியிலிருந்து சிவக்குமார் ஓடிவந்துகொண்டிருந்தார். அவ்வளவு வேகம் அந்த உடம்பில் இருக்கும் என்று நான் அறிந்திருக்கவில்லை.

“மாப்பிள்ளைடா சிவா, பார்த்துடா” என்று பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்து கூவினார்.

பிரபு இடது காலை ஓங்கினார். சிவக்குமார் தரையோடு சறுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தட்டினார். பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே பறந்தது. பிரபுவும் பறந்து, தண்ணீர்க் குழாய் ஒழுகித் தேங்கியிருந்த சேற்றில் முகம் குப்புற விழுந்தார்.

முறுக்குக் கடிக்கும் சத்தம்கூட நின்றுபோயிற்று. நடுவர் விசிலை வாயில் வைத்து, தவறில்லை என்று எடுத்துவிட்டார். சிவக்குமார் எழுந்து தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையைத் தூக்கக் குனியவும் அவருக்குத் துணிவில்லை. சேற்றிலிருந்து ஒரு கை மேலே வந்தது.

“கை குடுங்க மச்சான், எந்திரிக்கோணும்” என்றார் பிரபு. எழுந்தவருடைய முகத்தில் பல் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். “இதைத்தானுங்க மொதல்ல இருந்து கேட்டுட்டிருந்தேன்.”

ஆனால் அவர் சிரித்தது போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். மறுபக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, குடையை மடக்கிக்கொண்டு, திடலுக்குள் நடந்து வந்தார். நடுவர் தடுக்கவில்லை; அவருக்கும் இந்த ஊர்தான். கிருத்திகா தன் நாற்காலியை விட்டு எழுந்து கோட்டோரம் வந்து நின்றார். அந்த அம்மையார் மகனின் கால்களை மேலிருந்து கீழே பார்த்து, உடைந்ததாகத் தெரியவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சிவக்குமாரிடம் திரும்பினார்.

“ஏனுங்க தம்பி, ஆட்டம் ஆரம்பிச்சப்பவே நீங்க இந்த மாதிரி நின்னிருந்தா, எம்பையன் அந்த ஒரு கோலாச்சும் போட்டிருப்பானுங்களா?”

இதற்குச் சாமர்த்தியமாகப் பதில் சொல்ல ஆயிரம் வழிகள் இருந்தன. சிவக்குமாருக்குப் பொய் வராது.

“போட்டிருக்க மாட்டாருங்க அத்தை.”

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் என் வாழ்க்கையில் பல முடிவுகளுக்காகக் காத்திருந்திருக்கிறேன். வெளிநாட்டுத் திடல்களில், பல்லாயிரம் பேர் நடுவில் காத்திருந்திருக்கிறேன். இவ்வளவு நீண்ட காத்திருப்பு நினைவில் இல்லை.

அம்மையார் மெல்லத் தலையசைத்தார். பிறகு கோட்டோரம் நின்ற மருமகளைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

“கேட்டுக்கிட்டயா அம்மணி? இப்பேர்ப்பட்ட ஆளு காவலுக்கு நிக்கற எடத்துல இவன் ஒரு கோலு போட்டிருக்கறான்னா, அது இவன் கெட்டிக்காரத்தனமில்லை. நீ வந்த நேரம்.”

சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு வெளியே நடந்தார். எல்லைக்கோட்டிலிருந்து பந்து உள்ளே எறியப்பட்டது. சற்று நேரத்தில் நடுவர் ஆட்டத்தை முடித்தார். எங்கள் அணி முதல் பிரிவிலேயே நின்றது. எஞ்சினியர் அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

முதலாளி ஓடிவந்து என் கைகளைப் பற்றிக்கொண்டார். உள்ளூர் நாளிதழ் ஒன்றின் நிருபரும் வந்தார். இடைவேளையில் நான் செய்த மாற்றத்தைப் பற்றி அவர் கேட்பார் என்று எதிர்பார்த்து, பின்கள வீரர் ஒருவரை முன்களத்துக்கு நகர்த்துவதன் உத்தியைப் பற்றிச் சில நல்ல வாக்கியங்களை மனத்தில் அடுக்கி வைத்திருந்தேன். அவர் கேட்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார்.

“எல்லாம் அந்தப் பொண்ணு ராசிங்க. அவங்க பக்கமும் ஒரு கோலு, நம்ம பக்கமும் ஒரு கோலு, கிரவுண்டும் தப்பிச்சுது. நீங்க என்னங்க சார் சொல்றீங்க?”

நிருபர் பேனாவை என் பக்கம் திருப்பினார். சிறிது தள்ளி, மாமியாரின் முறுக்குத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கிருத்திகா நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் கை அசையாமல் இருந்தது.

மூன்று நாடுகளில் பணியாற்றிய ஒரு பயிற்சியாளரின் உத்தியா, ஒரு பெண் வந்த நேரமா என்ற கேள்விக்கு விடை எனக்குத் தெளிவாகத் தெரியும். உங்களுக்கும் தெரியும். இருந்தாலும், வெற்றியை யாருடைய கணக்கில் எழுதுவது என்று தீர்மானிப்பதும் பயிற்சியாளரின் வேலைதான். அதற்கு விசில் ஊதமாட்டார்கள் என்பதால் பலர் அதைக் கவனிப்பதில்லை.

“ஆமாங்க” என்றேன். “நல்ல நேரந்தான்.”

நிருபர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். உத்தியைப் பற்றி எந்த நாளிதழிலும் ஒரு வரியும் வரவில்லை. முறைப்படி அது இங்கேதான் முதன்முறையாகப் பதிவாகிறது. படித்துப் பயன்பெறுங்கள், உங்கள் மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். பல்லடம் சாலைப் பக்கத்தவர் யாரேனும் உங்களில் இருந்தால், அந்த அம்மையாரின் கண்ணில் மட்டும் இது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.